பன்னிரண்டு தலைக்கும் ஒரே குரல்

நாச்சிமுத்துவை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. அவர் பொண்டாட்டி துளசிமணி வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மடியில் கிடந்த போனை முறைத்துக்கொண்டிருந்தாள். என்னமோ போன்தான் அவளைக் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. கேட்டது போன் இல்லை, பெனாசிர். ஈரோட்டு ஆஸ்பத்திரியின் மூணாவது மாடியில், தொண்டை ஆபரேஷன் ஆனவங்களுக்குப் பேச்சுப் பழக்கிக்கொடுக்கிற பொண்ணு அது. சின்னப் பொண்ணுதான், ஆனால் பேச்சில் ஒரு தெளிவு. போன வாரமே சொல்லிவிட்டது, அம்மா, அடுத்த தடவை வர்றப்ப ஐயாவோட பழைய குரல் எங்கயாச்சும் பதிவாகி இருந்தா எடுத்துட்டு வாங்க, நாலு நிமிஷம் இருந்தாக்கூடப் போதும், ஐயா போன்ல எழுத்தைத் தட்டினா அவரோட சொந்தக் குரல்லயே பேசற மாதிரி பண்ணிடலாம் என்று. அப்போது நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்கணுமே. குரல்வளையை எடுத்து ஏழு மாசமாச்சு, கழுத்தில் ஓட்டை, ஓட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி, மூச்சு அது வழியாகத்தான் போய் வருது, பேச்சு மட்டும் எது வழியாகவும் வருவதில்லை. அந்த முகத்தில் ஏழு மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம். இன்றைக்குக் காலையில் எந்திரிச்சு அவராகவே சவரம் பண்ணிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சின்ன நோட்டில் எழுதிக் காட்டினார், கெடைச்சுதா? தேடறனுங்க, என்றாள் துளசிமணி. தேடுவதற்கு என்ன இருக்கிறது. அவள் போனிலேயே இருக்கிறது. பையன் யுவராஜ் நேற்றே அனுப்பிவிட்டான், நாலு நிமிஷம் பத்து நொடி. அவர் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கல்யாணக் கேசட்டில் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். போனில் பேசினால் 'ம்' என்பார், 'போனை வெய்யி' என்பார், அதோடு சரி. இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் உலகம் பூரா ஒரு ராட்சசனுடைய குரல் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

யுவராஜுக்குப் பெங்களூரில் வீடியோ கேம் கம்பெனியில் வேலை, சத்தம் சேர்க்கிற வேலை. சத்தத்துக்கு ஒரு படிப்பு, சத்தத்துக்கு ஒரு சம்பளமா என்று ஆரம்பத்தில் ஊரே கேட்டது. அந்தக் கேமுக்குப் பேர் எரிமலைப்பட்டி. விளையாடுகிறவனுக்கு ஆள் உருவம் தெரியாது, துப்பாக்கி பிடித்த ரெண்டு கை மட்டும் தெரியும், அது நம்ம கை என்று நினைத்துக்கொண்டு எதிரில் வருகிறதையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். முதல் பாகத்தில் கடைசியாக ஒரு ராட்சசன் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்திருப்பான், மண்ணாண்டி. ஒரே ஒரு தடவை உறுமுவான். மூணு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்த யுவராஜ் அவள் காதில் ஹெட்போனை மாட்டி, அம்மா, இதைக் கேளு, என்றான். கேட்டாள். கையில் வைத்திருந்த கரும்புத் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. என்னதான் குரலை இழுத்துத் தாழ்த்தி, ஒரு வார்த்தையும் விளங்காதபடி கரகரவென்று ஆக்கியிருந்தாலும் துளசிமணிக்குத் தெரியாதா. யாருன்னு கண்டுபுடிச்சுட்டியா, என்று பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு வேறென்ன செய்வது, பையன் அத்தனை ஆசையாகக் காட்டினான். அவன் படிக்கிற காலத்தில் காலேஜில் வீட்டுச் சத்தங்களைப் பதிவு பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவன் லீவுக்கு வந்தவன் பதிவு மெஷினைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, மாவு அரைக்கிற சத்தம் விழட்டும் என்று மாடிக்குப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து அவர் தறிப் பட்டறையிலிருந்து வந்தார். அவர் சட்டையை அவள் துவைக்கப் போட்டிருந்தாள், பையில் டிரைவிங் லைசென்ஸ் இருந்திருக்கிறது, பார்க்காமல் ஊற வைத்துவிட்டாள். அதுக்குத்தான் அந்த நாலு நிமிஷம் பத்து நொடிக் கத்தல். அவருக்கு இன்றுவரை தெரியாது, தன் தொண்டையில் இருந்துதான் மண்ணாண்டி பிறந்தான் என்று.

முதல் பாகம் ஓடோ ஓடென்று ஓடியது, கம்பெனிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டாம் பாகத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். குக்கரைக் குண்டாகச் சுடுகிற துப்பாக்கியாம், ரெக்கை முளைத்த எருமைகளாம், ஓடுகிற ரயிலுக்கு மேலே ஒரு கல்யாண மண்டபமாம், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன் பூரா எழுந்து நின்று சுடுவானாம். மண்ணாண்டிக்கு இந்தத் தடவை பன்னிரண்டு தலை. பன்னிரண்டு தலைக்கும் ஒரே குரல், அவர் குரல், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு உறுமல். வந்து மூணு வாரம்தான் ஆகிறது, விளையாடினவர்களெல்லாம் எழுதித் தள்ளிவிட்டார்கள். அதில் தமிழில் எழுதினதையெல்லாம் சேர்த்து யுவராஜ் அவளுக்கு அனுப்பியிருக்கிறான், எதுக்கு அனுப்பினான் என்று அவனுக்கே தெரியுமோ என்னமோ. கூடவே நாலு வரி. அம்மா, எல்லாரும் இப்படி எழுதறதால வர்ற வெள்ளிக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேம்ல இருந்தே எடுத்துடறாங்க. எடுத்துட்டா அப்பா குரல் நம்மகிட்ட இருக்கற இந்த ஒண்ணுதான். ஆஸ்பத்திரில குடுக்கறதா வேண்டாமான்னு நீயே பாத்துக்க. நீயே பாத்துக்கவாம். பெத்து, படிக்க வைத்து, பெங்களூருக்கு அனுப்பினதெல்லாம் இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான்.

அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள், படித்ததையே திரும்பப் படித்தாள். போன பாகத்துல கடைசில ஒரு தடவை கத்துனான், நெஞ்சு நின்னுபோச்சு, இதுல கத்திக்கிட்டே இருக்கான், பயமும் போச்சு, தலைவலிதான் மிச்சம், என்று ஒருத்தன். தப்பு சாமி, என்று மனசுக்குள் அவனுக்குப் பதில் சொன்னாள், கத்திக்கிட்டே இருந்தாப் பயம் போகாது, அப்படித் தோணும், ஆனாப் போகாது. இன்னொருத்தன், வேற லெவல் மாப்ள, அந்தக் குரல் குடுத்த மனுசன் யாருன்னு சொல்லுங்க, கால்ல விழுறேன், இவ்வளவு நிஜமான கோவத்தை யாராலயும் நடிக்க முடியாது. ஒரு பொண்ணு போலிருக்கிறது, நைட்டு விளையாடினா எங்கப்பா ஞாபகம் வருது, கேமை அழிச்சுட்டேன், அவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கீழே ஒருத்தன் வாத்தியார் மாதிரி எழுதியிருந்தான், மண்ணாண்டிகிட்ட சாகாம இருக்க ஒரே வழி, உறுமறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுப்பான், சின்னதா, நல்லாக் கவனிச்சாத்தான் கேக்கும், அது கேட்ட உடனே எடது பக்கமா ஒதுங்கிடுங்க, தப்பிச்சுக்கலாம். அதுக்கு எழுநூறு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறென்னவோ ஆகிவிட்டது. அந்த மூச்சை அவளல்லவா கண்டுபிடித்தவள். கல்யாணமான மூணாம் மாசமே கண்டுபிடித்துவிட்டாள். அந்த மூச்சு கேட்டால் கையில் இருக்கிற பாத்திரத்தை முதலில் கீழே வைத்துவிட வேண்டும், பையன் பக்கத்தில் இருந்தால் எதையாவது வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும், முடிந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் பாதி வார்த்தை அமுங்கிவிடும். முப்பத்தோரு வருஷம் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்த வித்தை, இப்போது ஊர் பேர் தெரியாத எழுநூறு பயல்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள், கை நீட்டறாரா, இல்லை, குடிக்கறாரா, இல்லை, அப்புறம் என்ன, சத்தந்தான போடறாரு, தறிக்காரங்க எல்லாருக்கும் குரல் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. மூணு வாரம் கேட்டார்கள், பிடிக்கவில்லை என்று எழுதிப் போட்டார்கள், வெள்ளிக்கிழமை எடுத்துவிடப் போகிறார்கள். இப்படி எழுதிப் போட அவளுக்கும் ஒரு இடம் இருந்திருந்தால். கோபம் வந்தது அவளுக்கு, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

தறிக்காரர் குரல் என்பது பொய்யும் இல்லை. பள்ளிபாளையத்தில் பதினாறு பவர்லூம் ஒரே கொட்டகையில் ஓடும், அதுக்கு நடுவில் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும், காலையில் போட்ட குரலை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்க முடியாது. சரி, அவர் அண்ணனும் அதே கொட்டகையில்தான் நின்றார், அந்த அண்ணன் வீட்டில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. அப்படியென்றால் தறி மேல் பழி போட முடியாது. ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் யுவராஜ் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆடிப்பெருக்கு அன்றைக்கு பவானிக் கூடுதுறையில் தலையைத் தவிர ஒண்ணும் தெரியாத கூட்டம், ஆறு வயசுப் பையன் கையை விட்டுவிட்டான், ஆற்றில் தண்ணீர் படிக்கு மேலே ஏறி ஓடுகிறது. இவள் வாயில் காற்றுதான் வந்தது. அவர் ஒரு திண்டு மேல் ஏறி நின்று, யுவராசூ, என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கோயில் மைக்கில் பேசிக்கொண்டிருந்தவனே நிறுத்திவிட்டான். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது, கடைசிப் படியில் தண்ணீரில் கால் வைத்து நின்ற பையனும் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒரே தொண்டையில்தானே இருந்தது, டாக்டர் ரெண்டையும் சேர்த்துத்தானே வெட்டி எடுத்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவள் அழுதாள், நிஜமாகவே அழுதாள். ரெண்டாவது வாரத்திலிருந்து நன்றாகத் தூங்கினாள். மத்தியானம்கூடத் தூக்கம் வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டின குழந்தை மாதிரி அடித்துப்போட்ட தூக்கம். எழுந்து பார்த்தால் அவர் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருப்பார், வாய் அசைந்திருக்கும், அவள் எழுந்திருக்கவில்லை. புருஷனுக்கு இப்படி ஆகிக் கிடக்கிறது, இவளுக்கு உடம்பில் சதை போட்டிருக்கிறது. கொழுந்தனார் வீட்டுக்காரி ஒருநாள் சொல்லியே விட்டாள், அக்கா முகம் இப்பத்தான் தெளிஞ்சிருக்குது என்று. வெட்கமாக இருந்தது. யாரோ வந்து பார்த்துவிட்ட மாதிரி அன்றைக்குப் பூரா வெட்கமாக இருந்தது.

போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனாள், இன்னும் வந்துகொண்டே இருந்தது. மொக்கை, செம, காதுக்குப் பஞ்சு வேணும், குக்கர் துப்பாக்கிக்காகவே வாங்கலாம். அப்புறம் ஒரு நீளமானது. எழுதியவனுக்கு இருபது வயசு இருக்குமோ என்னமோ, நம்மூர்ப் பக்கத்துப் பையன் மாதிரி இருந்தது எழுத்து. அண்ணங்களா, பன்னெண்டாவது தலை உறுமி முடிச்சதும் சவுண்டைக் கூட்டி வெச்சுக் கேளுங்க, பின்னாடி ரொம்பச் சன்னமா ஒரு பொம்பளைக் குரல் கேக்குது, 'சரிங்க'ன்னு. சத்தியமாக் கேக்குது. கம்பெனில யாரோ அழிக்க மறந்துட்டாங்க. அது கேட்டதுல இருந்து என்னால மண்ணாண்டியைச் சுடவும் முடியல, சுடாம இருக்கவும் முடியல. சுட்டா அந்தம்மா என்ன ஆவாங்க, சுடலைன்னா என்ன ஆவாங்க. அதுக்குக் கீழே கிண்டல் பண்ணி நாற்பது பேர். துளசிமணி போனைத் தன் நெஞ்சோடு கவிழ்த்து வைத்துக்கொண்டாள், பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துவிடுவார் போல இருந்தது. யாரடா நீ. எந்த ஊருடா கண்ணு நீ. முப்பத்தோரு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை அந்தம்மா என்ன ஆவாள் என்று, பெத்த பையன் அந்தச் சத்தத்தைப் பன்னிரண்டால் பெருக்கும்போதுகூடக் கேட்கவில்லை. இப்போது இதை உள்ளே கொடுத்தால் வீட்டில் மறுபடியும் அது வரும். எழுத்தைத் தட்டினால் வரும், உப்பு எங்கே என்று தட்டினாலும் அந்தக் குரலில்தான் வரும், வேறு குரல் அதில் பதிவாகவில்லை. மறுபடியும் குளியலறைக் குழாய்தான், கடைக்கு அனுப்ப இப்போது பையனும் இல்லை. கொடுக்காவிட்டால்? கொடுக்காவிட்டால் அவர் அந்த நோட்டோடு கிடப்பார், அது பாவம் இல்லையா, நொண்டியின் கம்பைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற மாதிரி. பாவந்தான். தெரிந்துதான் செய்கிறாளா? இன்னும் செய்யவில்லையே. பெனாசிரிடம் மட்டும் தனியாகச் சொன்னால் என்ன, அம்மா, இது கோபத்துல பேசினது, கோபத்தை எடுத்துட்டுக் குரலை மட்டும் வெச்சுக்க முடியுமா என்று. கேட்டால் அந்தப் பொண்ணு சிரிக்கும். அதை எங்கே பிரிப்பது, அவளாலேயே பிரிக்க முடிந்ததில்லை. ஆடிப்பெருக்குச் சத்தத்தை யாராவது பதிவு பண்ணி வைத்திருந்தால் ஓடிப்போய்க் கொடுத்திருப்பாள். யாரும் பண்ணவில்லை.

கதவு திறந்தது. பெனாசிர் எட்டிப் பார்த்து, உள்ள வாங்கம்மா, என்றது.

அறைக்குள் நாச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கூட இன்னொரு நோயாளியும் அவர் மகளும், குறிப்பு எழுதிக்கொள்கிற பயிற்சிப் பெண்கள் ரெண்டு பேரும் இருந்தார்கள்.

"பழைய குரல் கெடைச்சுதாம்மா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. வீடு பூராத் தேடிப் பாத்துட்டோம். ஒண்ணுமே இல்ல."

சொல்லி முடிந்துவிட்டது. இத்தனை லேசாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவர் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார், கல்யாணக் கேசட்? அதுல பாட்டுத்தானுங்க இருக்குது, என்றாள். அவர் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பரவால்லங்கய்யா, இதுலயே ரெடியா இருக்கற குரல் இருக்கு, ஒண்ணு எடுத்துக்கலாம்," என்று பெனாசிர் அவர் போனில் என்னவோ பண்ணிக் கையில் கொடுத்தது. "என்ன பேசணுமோ தட்டுங்க."

அவர் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார், நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ரெண்டு நிமிஷம் ஆனது. கடைசியில் போன் பேசியது, செய்தி வாசிக்கிறவர் மாதிரி, வழவழவென்று, ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்துப் பேசியது.

"கூறு கெட்டவளே. நல்லாத் தேடினியா. ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுதா உனக்கு."

பயிற்சிப் பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், இன்னொரு நோயாளியும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார், பெனாசிருக்கும் அடக்க முடியவில்லை. துளசிமணி ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவளுடைய தோள் தானாகக் காதுவரை ஏறி நின்றது, கையிலிருந்த பையை அவளை அறியாமல் கீழே வைத்துவிட்டிருந்தாள். அப்படியென்றால் இது குரலில் இருந்ததில்லை, குரலைக் கொளுத்திப் போட்டாலும் இது போகாது. அதை அவள் நினைத்து முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவருக்கு முதலில் புரியவில்லை, ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தேடினார். புரிந்ததும் போனை மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுத்துத் துணியைச் சரிபண்ணுகிற மாதிரி கையைக் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொண்டார். பதினாறு தறியை அதட்டின மனுஷன். இனிமேல் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் சிரிப்பார்கள், மளிகைக் கடையில், பட்டறையில், பேரன் பேத்தி பிறந்தால் அதுகளும். அவளுக்குத் தாங்கவில்லை.

"இது வேண்டாம்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் கட்டையா ஒண்ணு இல்லையா? இவரு இப்படிப் பேசறவரு இல்ல."

பெனாசிர் இன்னொன்றைப் போட்டது. அதுவும் இல்லை என்றாள். அடுத்தது, இது பரவால்ல, ஆனா சத்தம் பத்தல. நாலாவதுக்கும் அவள் தலையை ஆட்டினாள்.

"எப்படித்தாம்மா இருக்கும் ஐயா குரல்? நீங்க சொன்னாத்தான அதுக்குக் கிட்டத்துல ஒண்ணு தேட முடியும்."

நாச்சிமுத்துவும் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் குரல் எப்படி இருந்தது என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல முப்பத்தோரு வருஷத்துக்கு இருந்தது. அவர் கண் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி, அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"நல்லா இருக்கும்மா," என்றாள். "கணீர்னு, ரொம்ப நல்லா இருக்கும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் நம்பிவிட்டார்.